மூட்டு வாத மாத்திரையும் என் விழித்திரையும்

மூட்டு வாதம், லூபஸ் (உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்), சில தோல் நோய்கள் என்று ஏதோ ஒரு காரணத்துக்காக நம்மில் நிறைய பேர் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையை வருஷக்கணக்கில் சாப்பிட்டு வருகிறோம். டாக்டர் சீட்டில் எச்.சி.க்யூ. 200, 300, 400 என்று இருக்கும். நல்ல மாத்திரை. என் கைவிரல்களை எனக்குத் திருப்பிக் கொடுத்ததே அதுதான். ஆனால் பல வருஷம் எடுத்தால் அது சிலருக்கு விழித்திரையைக் கெடுக்கும், கெடுவதற்கு முன்பே கண்டுபிடிக்கத் தனிப் பரிசோதனைகள் இருக்கின்றன என்று பத்து வருஷத்துக்கு மேல் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. தெரிய வந்தபோது இரண்டு கண்ணிலும் கொஞ்சம் போய்விட்டது. போனது திரும்பாது. நான் பட்டதை வரிசையாக எழுதுகிறேன். இந்த மாத்திரை உங்கள் வீட்டில் யாராவது சாப்பிட்டால் தயவுசெய்து முழுசாகப் படியுங்கள்.

தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். எம்.சி. ரோட்டில் ஒரு மொத்தத் துணிக்கடையில் பில் போடுகிற வேலை. 2012-ல் வியாதி ஆரம்பித்தது. காலையில் எழுந்தால் பத்து விரலும் மடங்காது. பல் தேய்க்க பிரஷ்ஷைப் பிடிக்க முடியாது, ஜாக்கெட் கொக்கி மாட்ட பெண்ணைக் கூப்பிட வேண்டும், பதினோரு மணி தாண்டினால்தான் கை கைக்கு வரும். ரத்தம் எடுத்துப் பார்த்து முடக்கு வாதம் என்றார்கள். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கிளினிக்கில் வைத்தியம். எச்.சி.க்யூ. 400, தினமும் ஒன்று. வலி தாங்காத நாளுக்கு ஒரு வலி மாத்திரை. மூன்று நான்கு மாதத்தில் விரல் இளகியது. அதற்காக அந்த டாக்டருக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன். அந்தக் காலத்தில் 400 என்பது சர்வசாதாரணமாக எழுதப்பட்ட அளவு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். 2016-ல் அமெரிக்க கண் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் ஆப்தல்மாலஜி அளவு விதியை மாற்றியது. என் சீட்டு மாறவில்லை. ஒவ்வொரு முறையும் பழைய சீட்டின் மேல் ‘கன்டினியூ’ என்று ஒரு வார்த்தை, கீழே கையெழுத்து. அப்புறம் அதுவும் வேண்டியிருக்கவில்லை. மெடிக்கலில் போய் நின்றாலே தம்பி அட்டையை எடுத்து வைத்துவிடுவார்.

2020 ஊரடங்கு நேரத்தில் இந்த மாத்திரை கொரோனாவுக்குக் கேட்கும் என்று செய்தி பரவி, கடைகளில் சுத்தமாகக் கிடைக்கவில்லை. சென்னையிலேயே ராயபுரம் மண்டலத்தில்தான் அப்போது நோய் அதிகம். தெருவுக்குத் தெரு தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். அந்த நிலையிலும் என் வீட்டுக்காரர் புது வண்ணாரப்பேட்டை, காலடிப்பேட்டை என்று ஒவ்வொரு மெடிக்கலாகக் கேட்டு, விலை கூடக் கொடுத்து அட்டைகளை வாங்கி வந்தார். அந்த மாத்திரை அவ்வளவு அவசியம் என்று நினைத்தோம், அவசியமும்தான். அத்தனை பேர் வாயில் அதன் பெயர் அடிபட்ட அந்த மாதங்களிலும், ஏற்கெனவே வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் கண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற பேச்சு எங்கள் காதுவரை வந்து சேரவில்லை.

கண்ணில் மாற்றம் எப்போது தொடங்கியது என்று என்னால் சொல்ல முடியாது. அதுதான் இதில் இருக்கிற கொடுமை. வலி கிடையாது, சிவப்பு கிடையாது, தண்ணீர் வடியாது. நான் முதலில் கவனித்தது பில் புத்தகத்தில். வரிசையாக சரக்கு நம்பர், மீட்டர், ரேட், தொகை என்று நான்கு கட்டம் இருக்கும். மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் கட்டத்து ரேட்டும் ஓரக்கண்ணில் பட்டுவிடும், கை தானாக அடுத்ததைக் கால்குலேட்டரில் தட்டும். இத்தனை வருஷப் பழக்கம். அந்த ரேட் கட்டம் மெல்ல மெல்லப் படாமல் போனது. தலையைத் திருப்பி நேராகப் பார்த்தால் எழுத்து பளிச்சென்று இருக்கும். மறுபடி மீட்டருக்கு வந்தால் பக்கத்தில் ஒரு மாதிரி புகை. மேஜை மேலேயே இருக்கிற குண்டூசி டப்பாவைத் தேடுவேன். கடைப் பையன் “அக்கா, உங்க கை பக்கத்துலதான இருக்கு” என்பான். சாயங்காலம் டி.எச். ரோட்டைக் கடக்கும்போது ஒன்றுமே வராத மாதிரி இருக்கும், காலை எடுத்து வைத்தால் திடீரென்று ஒரு ஸ்கூட்டி எதிரில் நிற்கும். திட்டு வாங்கியிருக்கிறேன். கன்டெய்னர் லாரி ஓடுகிற ஊர் இது. அதை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

முதலில் கண்ணாடிக் கடை. கம்ப்யூட்டர் டெஸ்ட் இலவசம் என்றார்கள், கிட்டத்துப் பவர் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று புதுக் கண்ணாடி, 3,200 ரூபாய். புகை அப்படியே இருந்தது. அடுத்து ஒரு தனியார் கண் மருத்துவமனை. எழுத்து அட்டையில் கடைசி வரிவரை படித்தேன். “6/6 வருதும்மா, உங்க வயசுக்கு அருமையான பார்வை. கண்ணு காஞ்சிருக்கு, அவ்வளவுதான்” என்று சொட்டு மருந்து எழுதினார்கள். அதையும் மாதக்கணக்கில் விட்டுப் பார்த்தேன். இன்னொரு இடத்தில் லேசாகப் புரை விழுந்திருக்கிறது, இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், ப்ரோக்ரஸிவ் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். அது 7,500. பீஸ், சொட்டு மருந்து, ஆட்டோ என்று எல்லாம் சேர்த்துப் பதினைந்தாயிரத்துக்கு மேல் போயிருக்கும். ஒரு வருஷத்துக்கும் மேல் காலம் போனது, பணத்தை விட அதுதான் பெரிய நஷ்டம். அந்த ஒரு வருஷமும் தினம் ஒரு 400 உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அந்த மூன்று இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: “சுகர் இருக்கா, பி.பி. இருக்கா?” இல்லை என்பேன், முடிந்தது. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எத்தனை வருஷமாக என்று யாரும் கேட்கவில்லை. அதனால் முதல் விஷயம் இது. எந்தக் கண் டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தாலும், அவர் கேட்காவிட்டாலும், “நான் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடறேன், இத்தனை மில்லிகிராம், இத்தனை வருஷமா” என்று நீங்களாகச் சொல்லிவிடுங்கள். மாத்திரை அட்டையையே பையில் போட்டுக்கொண்டு போங்கள். கண்ணாடிக் கடையில் செய்வது பவர் பார்ப்பது மட்டும். இந்த மாத்திரையின் பாதிப்பு அதில் தெரியவே தெரியாது.

உண்மை வெளியே வந்தது கண் டாக்டரிடம் இல்லை. நான் பார்த்துவந்த கிளினிக்கை மூடிவிட்டதால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி மூட்டு வாதப் பிரிவுக்குப் போனேன். கூட்டம் நெரிசல், என் முறை வரப் பகல் ஆகிவிட்டது. சின்ன வயசு லேடி டாக்டர், என் பழைய சீட்டுக் கட்டைப் புரட்டிக்கொண்டே, “அம்மா, கண் ஸ்கிரீனிங் கடைசியா எப்ப எடுத்தீங்க?” என்றார். பவர் செக் பண்ணினேன் என்றேன். “பவர் இல்லம்மா. ஓ.சி.டி. ஸ்கேன், ஃபீல்டு டெஸ்ட்.” அந்த இரண்டு பெயரையும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறேன். அவர் எழுந்து வந்து என்னை எடை மெஷினில் ஏற்றினார். 47 கிலோ. சீட்டின் ஓரத்திலேயே பேனாவால் கணக்குப் போட்டுக் காட்டினார்.

அந்தக் கணக்கை எல்லோரும் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். இப்போதைய விதிப்படி, ஒரு நாளைக்கு உங்கள் நிஜமான எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. 47 கிலோவுக்கு 235. நான் சாப்பிட்டது 400, அதாவது கிலோவுக்கு எட்டரை மில்லிகிராம். நம் பெண்களில் பலர் ஐம்பது கிலோவைத் தொடாதவர்கள். அவர்களுக்கு தினம் 400 என்றால் அளவு தாண்டிவிட்டது என்று அர்த்தம். எண்பது கிலோ இருப்பவருக்கு அதே 400 சரியான அளவு. ஆரம்பித்தபோது 55 கிலோ இருந்த நான் வியாதியிலும் கவலையிலும் இளைத்துக்கொண்டே வந்தேன், மாத்திரை மட்டும் குறையவில்லை. அதனால் எடை மாறும்போதெல்லாம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சரியான அளவில் மாத்திரை கிடைக்காதே என்று யோசிக்க வேண்டாம். ஒரு நாள் 200, மறுநாள் 300 என்று மாற்றி மாற்றிக் கொடுத்து சராசரியைச் சரி செய்வார்கள். அதை டாக்டர்தான் செய்ய வேண்டும்.

அன்றைக்கே கிரியேட்டினின் என்ற, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொன்னார். இந்த மாத்திரை வெளியேறுவதில் சிறுநீரகத்துக்கும் பங்கு இருக்கிறதாம். அது மந்தமாக வேலை செய்தால் மருந்து உடம்பில் கூடுதலாகத் தங்கி, கண்ணுக்கு ஆபத்தும் கூடும். என் சிறுநீரகம் கொஞ்சம் மந்தம் என்று ரிப்போர்ட் வந்தது. அளவு அதிகம், ஐந்து வருஷத்துக்கு மேல் சாப்பிட்டது, சிறுநீரகக் கோளாறு, மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்ஸிஃபென் சாப்பிடுவது, ஏற்கெனவே விழித்திரையில் கோளாறு இருப்பது, இவைதான் ஆபத்தைக் கூட்டுகிறவை. என்னிடம் முதல் மூன்றும் இருந்தன.

எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். 1819-லிருந்து நடக்கிற ஆஸ்பத்திரி. பெண்ணுக்கு செமஸ்டர் பரீட்சை, வீட்டுக்காரருக்கு ஹார்பரில் ஷிப்ட், நான் தனியாகத்தான் போனேன். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் எழும்பூர். தனியாகப் போகாதீர்கள் என்பதே என் யோசனை. கண்ணில் சொட்டு விட்டுப் பாப்பாவை விரிய வைத்துவிட்டால் நாலைந்து மணி நேரத்துக்குக் கிட்டத்தில் எதுவும் தெரியாது, வெயில் ஊசி மாதிரி குத்தும். கையில் இருக்கிற ரிப்போர்ட்டையே படிக்க முடியாது. கூலிங் கிளாஸ் கொண்டு போங்கள், வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், பாதி நாள் லீவு போதாது, முழு நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஃபீல்டு டெஸ்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது முழுக்க நம் கையில் இருக்கிறது. இருட்டு அறை. ஒரு கண்ணை மூடிக் கட்டிவிட்டு, வெள்ளைக் கிண்ணம் போன்ற மெஷினுக்குள் முகத்தை வைத்து, தாடையைத் தாங்கியில் பதிக்கச் சொல்வார்கள். நடுவில் ஒரு மஞ்சள் விளக்குப் புள்ளி. பார்வை அதை விட்டு நகரக் கூடாது. சுற்றிலும் எங்காவது ஒரு பொட்டு வெளிச்சம் மின்னும். சில பொட்டு பளிச், சில பொட்டு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. தெரிந்தால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். முதல் தடவை நான் பதற்றத்தில் சத்தம் கேட்டாலே அழுத்தினேன், வெளிச்சத்தைத் தேடிக் கண்ணை ஓட்டினேன். எல்லோரும் முதல் தடவை அப்படித்தான் செய்கிறார்களாம். ரிப்போர்ட் நம்பகமாக இல்லை, இன்னொரு நாள் வந்து எடுங்கள் என்று டெக்னீஷியன் சொன்னார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த தடவை அந்தத் தம்பி பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்: நிறைய பொட்டு தெரியாமலேதான் போகும், மெஷின் வேண்டுமென்றே மங்கலாகக் காட்டும், தெரியவில்லை என்று பயப்படாதீர்கள், கண் சிமிட்டலாம், களைப்பாக இருந்தால் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஓய்வு எடுக்கலாம். இதை யாரும் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். முந்தின இரவு நன்றாகத் தூங்கி, சாப்பிட்டுவிட்டு, உங்கள் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போங்கள். பாப்பாவை விரிக்கும் சொட்டுக்கு முன்பே இந்த டெஸ்ட்டை முடித்துவிட முடியுமா என்றும் கேளுங்கள்.

ஓ.சி.டி. சுலபம். மெஷினுக்குள் ஒரு குறியைப் பார்த்துக்கொண்டிருந்தால் சில நிமிஷத்தில் விழித்திரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்த மாதிரி படம் வந்துவிடும். வலி இல்லை, ஊசி இல்லை. இவற்றோடு ஆட்டோஃப்ளோரசென்ஸ் என்று ஒரு போட்டோவும் எடுத்தார்கள். தனியாரில் விசாரித்தபோது ஓ.சி.டி.யும் ஃபீல்டும் சேர்ந்து மூவாயிரம் ரூபாய்க்கு மேல் சொன்னார்கள், இடத்துக்கு இடம் மாறுகிறது. வருஷத்துக்கு ஒரு முறை அந்தப் பணம் பெரிதுதான், ஆனால் நான் பிரயோஜனமில்லாத கண்ணாடிகளுக்குக் கொட்டியது அதைவிடப் பல மடங்கு.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். முதலில் எடுத்த ஃபீல்டு 10-2 என்ற வகை, பார்வையின் நட்டநடுவை மட்டும் சோதிப்பது. அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. சீனியர் டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, இன்னும் அகலமாகச் சோதிக்கும் 24-2 வகையும் எடுக்கச் சொன்னார், ஓ.சி.டி.யையும் நடுவைத் தாண்டி அகலமாக எடுக்கச் சொன்னார். வெள்ளைக்காரர்களுக்குப் பெரும்பாலும் நடுவை ஒட்டிய இடத்தில் பாதிப்பு தொடங்கும், ஆசியர்களில் நிறைய பேருக்கு இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளித் தொடங்கும், நடுவை மட்டும் பார்த்தால் தவறிவிடும் என்று விளக்கினார். 2016 விதியிலேயே இது இருக்கிறது. எனக்குப் பாதிப்பு இருந்தது அங்கேதான். நட்டநடுவோடு நிறுத்தியிருந்தால் இன்னொரு முறையும் ‘நார்மல்’ என்ற தாளோடு வீட்டுக்கு வந்திருப்பேன். ஆகவே “ரெண்டு ஃபீல்டும் எடுக்கணுமா டாக்டர்?” என்று கேட்கத் தயங்காதீர்கள்.

திரையில் படத்தைக் காட்டினார். அடுக்கடுக்காகச் சாம்பல் நிறக் கோடுகள். அதில் ஒரு வெள்ளைக் கோட்டின் மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தார். நடுவில் கோடு தெளிவாக ஓடியது. கொஞ்சம் தள்ளி மங்கியது, அப்புறம் அறுந்துவிட்டது. இன்னும் தள்ளி மறுபடி வந்தது. இரண்டு கண்ணிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில். “மெதுவடை பார்த்திருக்கீங்கல்லம்மா, நடு ஓட்டை வழியா உங்களுக்கு எல்லாம் தெரியுது, அதனாலதான் எழுத்து அட்டையில 6/6. சுத்தி இருக்கிற வடைதான் கெட்டுப் போயிருக்கு” என்றார். பில் புத்தகத்து ரேட் கட்டம், குண்டூசி டப்பா, ஸ்கூட்டி, எல்லாவற்றுக்கும் ஒரே நொடியில் பதில் கிடைத்தது. “இது சரியாகுமா?” என்றேன். “போனதைக் கொண்டு வர மருந்து இல்லம்மா. இருக்கிறதைக் காப்பாத்தப் பார்க்கலாம்.” நேராகச் சொன்னதற்கு அவர் மேல் எனக்கு மரியாதை.

திரும்பும்போது மெட்ரோவில் பாப்பா விரிந்த கண்ணோடு எதுவும் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பயத்தை விடக் கோபம்தான் அதிகம் இருந்தது. விதி கெட்டு வந்த நோய் என்றால் மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இது ஒரு கேள்வியில், வருஷத்துக்கு ஒரு ஸ்கேனில் தடுத்திருக்கக்கூடியது. பழைய கிளினிக் டாக்டரை, இப்போது வேறிடத்தில் பார்க்கிறார், தேடிப் போய்க் கேட்டேன். “கண்ணுல பிரச்சினைன்னா கண் டாக்டர்தான பார்க்கணும்” என்றார். கண் டாக்டர்களோ நான் என்ன மாத்திரை சாப்பிடுகிறேன் என்றே கேட்கவில்லை. மூட்டு டாக்டர் கண் டாக்டர் பார்ப்பார் என்று விட்டுவிடுகிறார், கண் டாக்டருக்கு விஷயமே தெரியாது. நடுவில் மாட்டிக்கொள்வது நாம். இந்த இரண்டு பேரையும் சேர்த்து வைக்கிற வேலை நோயாளி தலையில் விழுவது நியாயமே இல்லை. எழுதிக் கொடுக்கும் டாக்டர்தான் முதல் சீட்டிலேயே கண் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். அது எல்லா இடத்திலும் நடக்கிறவரை நாமே கேட்டு வாங்கத்தான் வேண்டியிருக்கிறது.

எப்போது எடுக்க வேண்டும் என்றால், மாத்திரை தொடங்கிய முதல் வருஷத்துக்குள் ஒரு முறை விழித்திரையைப் பார்த்துப் பதிவு செய்துவிடச் சொல்கிறது அமெரிக்க விதி. அளவு சரியாக இருந்து வேறு ஆபத்து இல்லையென்றால் ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் ஸ்கிரீனிங். சிறுநீரகக் கோளாறு, அதிக அளவு, டமாக்ஸிஃபென் மாதிரி ஏதாவது இருந்தால் ஐந்து வருஷம் காத்திருக்கக் கூடாது, முன்பே தொடங்கிவிட வேண்டும். பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஆப்தல்மாலஜிஸ்ட்ஸ் 2020-ல் சொன்னதும் ஏறக்குறைய இதேதான்: எல்லோருக்கும் ஐந்து வருஷத்துக்குப் பிறகு, ஆபத்து உள்ளவர்களுக்கு ஒரு வருஷத்துக்குப் பிறகே. கட்டம் போட்ட தாளை வீட்டில் ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது இந்த ஸ்கிரீனிங்குக்குப் பதிலாகாது. நமக்கே தெரிகிற அளவுக்கு வந்துவிட்டது என்றால் ஏற்கெனவே சேதம் நடந்துவிட்டது. ஸ்கிரீனிங்கின் நோக்கமே அதற்கு முன்னால் பிடிப்பது.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். என் நாத்தனார் விஷயம் கேட்ட அன்றைக்கே, “அண்ணி, மொதல்ல அந்தக் கருமத்தைத் தூக்கிப் போடுங்க” என்றாள். பாசத்தில் சொன்னது. ஆனால் சரியான அளவில் சாப்பிடுகிறவர்களுக்கு முதல் ஐந்து வருஷத்தில் ஆபத்து ஒரு சதவீதத்துக்கும் குறைவு, பத்து வருஷம்வரை இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. இருபது வருஷம் தாண்டினால்தான் இருபது சதவீதத்தை நெருங்குகிறது. லூபஸ் உள்ளவர்கள் இதைத் தானாக நிறுத்தினால் நோய் கிளம்பி சிறுநீரகம்வரை போகலாம். எனக்கு மூட்டு டாக்டரும் கண் டாக்டரும் கலந்து பேசித்தான் நிறுத்தினார்கள். கண் டாக்டர் கைப்பட ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார், அதை நான் ஸ்டான்லிக்குக் கொண்டு போனேன். பதிலுக்கு சல்ஃபாசலசின் என்ற வேறு மூட்டு வாத மாத்திரையைத் தொடங்கினார்கள். இடைப்பட்ட மாதங்களில் விரல் மறுபடி மரக்கட்டை ஆனது, கடையில் அரைச் சம்பளத்துக்கு லீவு போட வேண்டி வந்தது. அந்தக் காலத்தில் ராத்திரியில் தூக்கம் வராமல், கண்ணா கையா என்று இரண்டில் ஒன்றைக் கேட்கிறாயே என்று சாமியோடு சண்டை போட்டிருக்கிறேன்.

நிறுத்திய அன்றே எல்லாம் நின்றுவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த மருந்து விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் கருநிறமி அடுக்கில் ஒட்டிக்கொள்ளும் தன்மை உடையது, உடம்பை விட்டுப் போகவும் மாதங்கள் ஆகும். நிறுத்திய பிறகும் சிலருக்குச் சேதம் கொஞ்ச காலம் தொடரலாம். சீக்கிரம் பிடித்தவர்களுக்கு அந்த ஆபத்து குறைவு. எனக்கு அடுத்த வருஷ ஸ்கேனில் முந்தின படத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அந்த ஒப்பீடு சாத்தியமானது பழைய ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான். தாளை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள், படங்களையும் கேட்டு வாங்குங்கள், போனில் போட்டோ எடுத்து வையுங்கள். ஃபீல்டும் ஓ.சி.டி.யும் ஒரே இடத்தில் வருஷாவருஷம் எடுத்தால் ஒப்பிடுவது இன்னும் சுலபம்.

இப்போது பில் புத்தகத்துக்கு அடியில் அடி ஸ்கேல் வைத்து வரி வரியாக நகர்த்துகிறேன், மேஜை விளக்கைப் பெரிதாக்கிவிட்டார் முதலாளி. ரோட்டைக் கடக்க சிக்னல் இருக்கிற இடம்வரை நடந்து போகிறேன். பக்கத்துத் தெருவில் லூபஸுக்காக ஏழு வருஷமாக இதே மாத்திரை சாப்பிடுகிற ஒரு தங்கச்சி இருக்கிறாள், 43 கிலோ எடை, சீட்டில் 400. ஒருமுறைகூட ஸ்கிரீனிங் எடுத்ததில்லை. அவளை எழும்பூருக்கு நானே அழைத்துப் போனேன். இரண்டு கண்ணும் சுத்தமாக இருந்தது. அவள் டாக்டர் அளவை 200-ஆகக் குறைத்து மாத்திரையைத் தொடரச் சொன்னார், வருஷம் ஒரு முறை கண் பரிசோதனையையும் சீட்டிலேயே எழுதிவிட்டார்.

அவளுக்கு நான் எழுதிக் கொடுத்த தாளை இங்கேயும் போடுகிறேன், உங்கள் விவரத்தை நிரப்பிக் கண் டாக்டரிடம் நீட்டுங்கள். “ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடுகிறேன். தொடங்கிய வருஷம் இது. தினசரி அளவு இத்தனை மில்லிகிராம். இப்போதைய எடை இத்தனை கிலோ. கடைசி கிரியேட்டினின் இவ்வளவு, பார்த்த தேதி இது. டமாக்ஸிஃபென் சாப்பிடுகிறேன் அல்லது இல்லை. கடைசி ஸ்கிரீனிங் தேதி இது. ஓ.சி.டி., 10-2 ஃபீல்டு, அதோடு 24-2 ஃபீல்டும் தேவையா என்று பார்த்துச் சொல்லுங்கள். மாத்திரையில் மாற்றம் தேவைப்பட்டால் என் மூட்டு டாக்டருக்கு ஒரு கடிதம் கொடுங்கள்.”